தினமும் மூன்று ஐம்பதுக்கு ஒரு விபத்து

விபத்து நடக்க இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது.

அதுவரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல், போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் சுழல் நாற்காலியில் அரைச் சுற்று போவதும் அரைச் சுற்று திரும்புவதுமாக இருந்தேன். அண்ணி தன் செருப்பு நுனியால் நாற்காலிக் காலை அழுத்தி நிறுத்தினார்.

"தம்பி, நாம துப்பறிய வந்திருக்கோம். ராட்டினம் ஆட வரல."

"துப்பு கிடைக்கிற வரைக்கும் சும்மாதானே அண்ணி இருக்கேன்."

"சும்மா இருக்கிறது உனக்குப் புதுசா என்ன?"

பேச்சில் அண்ணியை ஜெயித்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. என் அண்ணன் இருக்கிறார். ஆனால் அவர் பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வாகனக் காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் விபத்துகளை விசாரித்தவர் அண்ணி. நசுங்கிய பம்பரைப் பார்த்தே, மோதியது மரமா மச்சானா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டு மாடியில் இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். பத்து வாரத்துக்கு முன்னால், ரெக்கவரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரெக்கவரி வண்டி தெரியுமல்லவா? ரோட்டில் படுத்துவிட்ட லாரியையும் காரையும் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வண்டி. இப்போது என்னை அண்ணி இழுக்கிறார். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் எதிரே சுவர் முழுக்கத் திரைகள். இடது பாதியில் கேமராக்கள் காட்டும் நிஜமான ஊர். வலது பாதியில் அதே ஊர் கோடும் புள்ளியுமாக. அரிசி மணி அளவு வண்டிகள் அதில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஏ.சி. குளிரில் ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது.

"இடது பக்கம் அரசாங்கத்தோட ஊர். வலது பக்கம் என்னோட ஊர்," என்றாள் பொறியாளர் பெண். முப்பது வயதிருக்கும். எங்களை அமர்த்தியது அவள்தான். காலையில் எங்கள் மாடிக்கு வந்தவள் அழவில்லை, புலம்பவில்லை. "எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஊர் என்ன பண்ணும்?" என்று கேட்டார் அண்ணி.

"எங்கயாவது வண்டி மோதினா, அந்த நிமிஷத்து ஊரை அப்படியே இங்க காப்பி எடுக்கும். அடுத்த அரை மணி நேரத்தைப் பத்தே செகண்டுல ஓட்டிப் பாக்கும். இந்தத் தெருவுல திருப்பி விட்டா என்ன ஆகும், அந்த சிக்னலைப் பிடிச்சு வெச்சா என்ன ஆகும்னு நாப்பது விதமா முயற்சி பண்ணும். எதுல சேதம் கம்மியோ அதை நிஜ ஊர்ல செஞ்சிடும். பழைய பதிவுகளைப் படிச்சுப் படிச்சு, அடுத்து எங்க விபத்து நடக்கும்னு முன்கூட்டியே சொல்லவும் கத்துக்கிச்சு."

"அப்ப ஜோசியம்னு சொல்லுங்க," என்றேன்.

"ஜோசியர் சதவீதம் சொல்ல மாட்டார். இது சொல்லும்." வலது திரையில் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கோட்டைக் காட்டினாள். "இன்னிக்கு மூணு அம்பதுக்கு, பன்னிரண்டாம் தெரு. தொண்ணூத்தேழு சதவீதம் நிச்சயம்."

பன்னிரண்டாம் தெரு என்றதும் என் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன். அந்தத் தெருப் பக்கம் நான் போகாமலிருக்க எனக்கென்று ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்பதால் அதை இங்கே சொல்லவில்லை.

அப்போது கதவு திறந்தது. ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்தது.

"என்னம்மா, ஆவி பிடிக்க மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

கட்டுப்பாட்டு அறையின் இயக்குநர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஏர்ஹாரன். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு வலது காது இரண்டு நிமிடம் அடைத்துக்கொண்டது.

ஏர்ஹாரன் ஊதிய விவரம் இதுதான். இந்தப் புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்து ஒன்பது வாரம். முந்தின நாள் மாலை, பன்னிரண்டாம் தெருவில் விபத்து என்று சொல்லி இயந்திரம் எல்லா வண்டிகளையும் ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திருப்பிவிட்டது. அந்த நெரிசலில் ஒரு ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடம் மாட்டிக்கொண்டது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். குழந்தை நடு ரோட்டில், ஆம்புலன்ஸுக்குள்ளேயே பிறந்தது. தாயும் சேயும் நலம்; அது அவர்கள் அதிர்ஷ்டம். பன்னிரண்டாம் தெருவில் என்னதான் விபத்து என்று கேமராவைத் திருப்பி ஓட்டிப் பார்த்தால், தெரு துடைத்துவிட்டாற்போல் காலி. ஒன்பது வாரமாக, ஞாயிறும் சனியும் தவிர, தினமும் அதே நேரத்தில் அங்கே விபத்து பதிவாகியிருக்கிறது. ஒரு வண்டிக்கும் கீறல்கூட இல்லை.

"அந்தத் தெருவுல மூணாவது வீட்டுல குடியிருக்கிறது யாருன்னு கேளுங்க," என்று பொறியாளரைக் கைகாட்டினார் ஏர்ஹாரன். "இந்தம்மாதான்! சாயந்திரம் வீட்டு வாசல்ல சத்தம் வரக்கூடாதுன்னு ஊரையே திருப்பி விட்டிருக்கு. அஞ்சு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. வேலை நீக்க ஆர்டர் டைப் ஆகி ரெடியா இருக்கு. அடுத்தது போலீஸ்."

"நான் வீட்டுக்குப் போறதே எட்டு மணிக்கு சார்," என்றாள் பொறியாளர் மெதுவாக. ஏர்ஹாரன் அதற்குள் போய்விட்டார்.

அண்ணி பழைய பதிவுகளைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னார். கத்தையாக வந்தது. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போனார். நான் எட்டிப் பார்த்தேன். தாளைச் சாய்த்து மறைத்தார். பரீட்சை ஹாலில்கூட நான் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.

"இந்த விபத்துக்கு சனி, ஞாயிறு லீவா?"

"ஆமா மேடம்."

"என்ன வகை விபத்துன்னு போடணுமே. எல்லாத்துலயும் 'மற்றவை'ன்னு இருக்கே?"

"டிரைவர் வகையைத் தேர்ந்தெடுக்கலைன்னா அதுவா 'மற்றவை'ன்னு எடுத்துக்கும்."

"கேமராவுல தெரு காலி. உங்க இயந்திரம் கேமராவை நம்பாதா?"

"கேமரா மழையில ஏமாறும், வெயில்ல ஏமாறும். அதனால மெஷினுக்கு நான் ஒண்ணு கத்துக்கொடுத்தேன். ரெக்கவரி வண்டி அங்க போய் நின்னு, டிரைவர் தன் கையால 'சம்பவ இடம்'னு பட்டனை அழுத்திட்டா, அதுதான் உண்மை. மனுஷன் நேர்ல பாத்து அழுத்துறது பொய்யா இருக்காதுல்ல?"

அண்ணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம்மா?"

"இல்ல மேடம்."

"அதான்." அண்ணி ஸ்கேலைப் பைக்குள் போட்டார். "ஒன்பது வாரத்துக்கு முன்னாடியும் இதே தெரு, இதே நேரம் நிறைய இருக்கே."

"பதினாலு மாசத்துப் பதிவு. அதைப் படிச்சுத்தான் மெஷின் கத்துக்கிச்சு."

"எல்லாம் எந்த வண்டி?"

"மூணாம் நம்பர் ரெக்கவரி வண்டி. யார் ஓட்டுறாங்கன்னு தெரியாது. அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க. எங்களுக்கு நம்பர்தான்."

நாற்காலி முதுகில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏ.சி. குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கிளம்பு தம்பி," என்றார் அண்ணி. "விபத்தை நேர்ல பாத்துட்டு வரலாம்."

* * *

பன்னிரண்டாம் தெரு அழகான தெரு. இரண்டு பக்கமும் மரங்கள். ஒரு தையல் கடை, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. கண்ணாடிக் கடைப் பலகையில் மேசை அகலத்துக்கு ஒரு கண் வரைந்திருக்கும். அந்தக் கண்ணில் படாமல் நிற்பதற்காக நான் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். கம்பம் ஒல்லி. நான் இல்லை.

"ஏன் ஒளியிறே?"

"நிழலுக்காக அண்ணி."

"நிழல் இந்தப் பக்கம் விழுது."

மூன்று நாற்பத்தைந்துக்குத் தெரு முனையில் இருந்த மின் பலகை மாறியது. 'முன்னே விபத்து. மாற்று வழி செல்லவும்.' வந்துகொண்டிருந்த வண்டிகள் எல்லாம் நல்ல பிள்ளைகளாகத் திரும்பிப் போயின. ஒரு நிமிடத்தில் தெரு அடங்கியது. இன்னும் நடக்காத விபத்துக்கு ஊரே வழிவிட்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி ரோட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

மூன்று நாற்பத்தொன்பதுக்கு ரெக்கவரி வண்டி வந்தது. பக்கவாட்டில் பெரிதாக 3. கண்ணாடிக் கடைக்கு எதிரே ஓரமாக நின்றது. மஞ்சள் விளக்கு சுழன்றது. டிரைவர் சீட்டில் ஒரு இளைஞன். முன்னால் மாட்டியிருந்த டேப்லெட்டை ஒரு தட்டு தட்டினான், சீட்டைச் சாய்த்தான், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். மணி மூன்று ஐம்பது.

"விபத்து நடந்தாச்சு," என்றார் அண்ணி. போய் வண்டிக் கதவைத் தட்டினார்.

டிரைவர் பதறி எழுந்தான்.

"தம்பி, எதுக்கு இங்க தினமும் வர்றே?"

"நான் எங்க மேடம் வர்றேன்? அனுப்புறாங்க! மூணு நாப்பதுக்கு இந்த டேப்லெட் கத்தும். 'பன்னிரண்டாம் தெரு, உடனே போ'ன்னு சொல்லும். வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு 'சம்பவ இடம்'னு அழுத்துறே?"

"வேற எதை அழுத்துறது? நீங்களே பாருங்க." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். மூன்றே பட்டன்கள். 'புறப்பட்டேன்', 'சம்பவ இடம்', 'முடிந்தது'. "எதையும் அழுத்தலைன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, 'நீங்கள் ஏன் நிற்கிறீர்கள்'னு கத்தும். நம்ம வண்டி நிறுத்துற யார்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச வழி இதுதான். டீ குடிக்கணுமா, பாத்ரூம் போகணுமா, முதுகு சாய்க்கணுமா, 'சம்பவ இடம்' அழுத்திட்டா அது வாயை மூடிக்கும். எனக்கு யார்டுல சேந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க."

"அப்ப பதிவுல இருக்கிற மாதிரி இருபத்திரண்டு நிமிஷம் கழிச்சு 'முடிந்தது' அழுத்துறது?"

"இயந்திரமே இங்க இருபத்திரண்டு நிமிஷ வேலைன்னு போட்டு அனுப்புது. கிடைக்கிற ஓய்வை விடுவேனா?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். கண் பளபளத்தது. "புரியுதா? விபத்து வரும்னு இயந்திரமே வண்டியை அனுப்புது. வண்டி வந்து நின்னதும், ஐயோ விபத்துன்னு அதுவே பயப்படுது. அதை எழுதி வெச்சுக்குது. மறுநாள் அதையே படிச்சு இன்னும் நிச்சயமா அனுப்புது."

எனக்கு உயிர் வந்தது. "ஆக, தன் நிழலைப் பாத்துத் தானே பயந்த கதை. மனுஷங்க யார் மேலயும் தப்பு இல்ல. கேஸ் முடிஞ்சது. வாங்க அண்ணி, போகலாம்."

"இரு. முதல் பயத்தை அதுக்குக் காட்டினது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அண்ணே! நீங்களா? மேடம், எனக்கு அந்த 'சம்பவ இடம்' ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். இந்த வண்டிச் சாவியை என் கையில கொடுத்ததும் இவர்தான்!"

தெருவில் குழி ஏதாவது இருந்தால் விழுந்திருப்பேன். ஒழுங்காகப் போட்ட தார் ரோடு.

அண்ணிக்கு ஆச்சரியமே இல்லை. பைக்குள்ளிருந்து தாள் கத்தையை எடுத்தார். "பதினாலு மாசத்துல ஒரே ஒரு இடத்துலதான் இந்த விபத்து விட்டுப்போகுது. தொடர்ந்து பதினோரு நாள். அது என்ன தேதின்னு பாத்தேன். அந்தப் பதினோரு நாளும் எங்க வீட்டு நடு அறையில ஒருத்தர் டைஃபாய்டுல படுத்திருந்தார். மாத்திரை கொடுத்ததே நான்தான். விபத்துக்கு டைஃபாய்டு வந்து நான் கேள்விப்பட்டதில்ல தம்பி."

நான் மறுபடி கம்பத்துக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அப்புறம் இது." என் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவி, அதன் வழியாகத் தெருவைப் பார்த்தார். "பவரே இல்ல. ஜன்னல் கண்ணாடி. உனக்குப் பார்வை கழுகு மாதிரி இருக்கும்போது இதை எதுக்குப் போட்டிருக்கேன்னு ஒரு வருஷமா கேக்கணும்னு நினைச்சேன்." எதிரே இருந்த பெரிய கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இனிமே கேக்க வேண்டாம் போலிருக்கு."

குட்டு வெளிப்பட்டது. மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கண்ணில் தூசி விழுந்து அந்தக் கடைக்குப் போனேன். அந்தக் கடையை நடத்தும் பெண் என் இமையைப் பிடித்து, "மேல பாருங்க," என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேலை நாள் தவறாமல் மூன்று ஐம்பதுக்கு வண்டியை நிறுத்தி, பட்டனை அழுத்திவிட்டு உள்ளே போய்விடுவேன். இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பேன். சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் பேசுவேன். வண்டி வேலையை விட்டதும் அங்கே போக ஒரு சாக்கும் இல்லாமல் போயிற்று. சாக்கில்லாமல் போகத் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் என் சொந்தக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். வேலையை விட்ட பிறகும் என் பழக்கம் மட்டும் தினமும் இந்தத் தெருவுக்கு வந்து நின்றுகொண்டிருக்கிறது, ஊரையே திருப்பிவிடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸுக்குள் பதினோரு நிமிடம் துடித்த பெண்ணை நினைத்தேன். செய்யாத குற்றத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பொறியாளரை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

"அண்ணி, நான் குழுவுக்கு முன்னாடி வந்து சொல்லிடறேன்."

"சொல்லத்தான் போறே. ஆனா நீ என் கொழுந்தன். நீ சொன்னா யார் நம்புவா?" அண்ணி தெருவைக் கடந்து கண்ணாடிக் கடைக்குள் போனார். ஏழு நிமிடம் கழித்து வெளியே வந்தார். என்ன நடந்ததென்று கேட்டேன்.

"தெளிவா தெரியுது," என்று மட்டும் சொன்னார்.

* * *

ஐந்து மணி. நீள மேசை. விசாரணைக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்துப் பழக்கமில்லாத உதடு. அவருக்கு முன்னால் வேலை நீக்க ஆர்டர், மேலே மூடி திறந்த பேனா. பொறியாளர் பெண் மேசையின் கடைசியில் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, பட்டன், யார்டு வழக்கம், பதினாலு மாதம். கண்ணாடிக் கடை என்றேன்; அதற்கு மேல் விவரிக்கவில்லை. "அந்த ஆம்புலன்ஸ்ல இருந்த அம்மாகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும்," என்று முடித்தபோது குரல் தடுமாறியது. என் வாழ்க்கையில் நகைச்சுவை சேர்க்காமல் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"ஒரே ஒரு சோதனை," என்றார் அண்ணி. "பொறியாளரம்மா, உங்க வலது பக்க ஊர்ல இருந்து இவரை எடுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க."

அவள் பதிவிலிருந்து என் இருநூற்று எழுபத்தோரு வரிகளையும், அதற்குப் பிறகு இயந்திரமே சேர்த்துக்கொண்ட வரிகளையும் நீக்கினாள். முந்தின நாள் மாலையை மறுபடி ஓடவிட்டாள். சுவரில் அரிசி மணி வண்டிகள் ஊர்ந்தன. மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து. பன்னிரண்டாம் தெருவின் சிவப்பு வரவே இல்லை. வண்டிகள் தம் பாட்டுக்கு அதன் வழியாகப் போயின. ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு நீலப் புள்ளி நுழைந்தது. நீலப் புள்ளி எங்கும் நிற்காமல் நாலே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டது.

பொறியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"விபத்து சதவீதம்?" என்று கேட்டார் தலைவி.

"ரெண்டு மேடம்."

"இன்னொரு விஷயம்," என்றார் அண்ணி. "அந்த டேப்லெட்டுல நாலாவதா ஒரு பட்டன் இருந்திருந்தா இந்த வழக்கே இல்ல. யாருக்கும் அது தோணலையா?"

"தோணுச்சு." பொறியாளர் ஒரு தாளை நீட்டினாள். அவள் எழுதிய கடிதம். நாலு பட்டன்கள் கேட்டிருந்தாள், நாலாவது 'ஓய்வு'. அதன் மேல் பச்சை மையில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில், 'பணி நேரத்தில் ஓய்வு எதற்கு?' கீழே ஏர்ஹாரனின் கையெழுத்து.

ஏர்ஹாரனின் முகம் அந்த மையின் நிறத்துக்கே மாறியது. ஆனால் ஹாரன் அடங்கவில்லை.

"மேடம், இது நாடகம்! எதை எடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சு எடுத்திருக்கா. அந்த வரிகளை எல்லாம் அவளே போட்டிருந்தா? இந்த ஆள் துப்பறியுறவங்களோட கொழுந்தன். சொல்லிக்கொடுத்ததைச் சொல்றான். வெளி ஆள் சாட்சி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு," என்று அண்ணி கதவைத் திறந்தார்.

அவள் உள்ளே வந்தாள். பத்து வாரத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தடிமனான ஒரு நோட்டை மார்போடு அணைத்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் மேசை விளிம்பில் இல்லாத தூசியைத் தட்டினேன்.

"எங்க கடையில யார் வந்து நாற்காலியில உட்கார்ந்தாலும் வந்த நேரம், போன நேரம், காரணம் மூணையும் எழுதுவோம்," என்று நோட்டைத் தலைவியிடம் வைத்தாள்.

தலைவி நோட்டையும் கட்டுப்பாட்டு அறைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். நேரம் நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போனது. டைஃபாய்டு பதினோரு நாளும் ஒத்துப்போயின. பிறகு காரணம் என்ற கட்டத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"கண்ணில் தூசி. கண்ணில் தூசி. பார்வைப் பரிசோதனை, குறை இல்லை. பார்வைப் பரிசோதனை, குறை இல்லை. ஃப்ரேம் வாங்க. ஃப்ரேம் மாற்ற. மாற்றிய ஃப்ரேமைத் திரும்ப மாற்ற. ஸ்க்ரூ லூஸ். ஸ்க்ரூ லூஸ். ஸ்க்ரூ லூஸ்..." பக்கத்தைத் திருப்பினார். "ஸ்க்ரூ லூஸ்."

என் காது சூடானது. குழுவில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை.

ஏர்ஹாரன் துள்ளி எழுந்தார். "இதோ மாட்டிக்கிட்டாங்க! எத்தனை தடவை ஸ்க்ரூ லூஸ்?"

"அறுபத்தொண்ணு," என்றார் தலைவி.

"ஒரே ஆள், ஒரே கண்ணாடி, ஒரே ஸ்க்ரூ! அறுபத்தொரு தடவை கழலுமா? உலகத்துல எந்தக் கடையில நடக்கும்? மேடம், இது இன்னிக்கு மத்தியானம் உட்கார்ந்து எழுதின நோட்டு. பொய்! சுத்தப் பொய்!"

தலைவியின் புருவம் நெரிந்தது. அவர் கை நோட்டை மூடியது. மற்றக் கை பேனாப் பக்கம் போனது. அண்ணி முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றார். அந்த ஸ்க்ரூ ஏன் அப்படிக் கழன்றது என்று நானே பல நாள் யோசித்து, என் அதிர்ஷ்டம் என்று விட்டிருக்கிறேன்.

பொறியாளர் பெண் மெதுவாக லேப்டாப்பை மூடினாள். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

கண்ணாடிக் கடைப் பெண் அந்த அட்டையைப் பார்த்தாள். அப்புறம் தன் கைகளைப் பார்த்தாள்.

"கழலும் சார்," என்றாள்.

"எப்படிக் கழலும்?"

"நான் ஒரு தடவைகூட அதை முழுசா முறுக்கினதில்ல."

ஏர்ஹாரனின் வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை.

"கடைசி ஒரு சுத்தை மிச்சம் வெச்சிடுவேன். ரெண்டு மூணு நாள்ல கழண்டுடும். அவர் வந்துதானே ஆகணும்." சொல்லி முடித்ததும் அவள் முகம் செக்கச் செவேலென்று ஆனது. ஆனால் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "தொழில் செய்யுறவ வெளிய சொல்லக்கூடாத விஷயம் மேடம். இதுக்காக ஒரு பொண்ணு வேலை போகுதுன்னா சொல்லாம இருக்க முடியல."

தலைவி நோட்டை மறுபடி திறந்தார். சிரித்துப் பழக்கமில்லாத அந்த உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றது. "முப்பது வருஷம் சாட்சி கேட்டிருக்கேன். இதைப் பொய்யா ஜோடிக்க யாராலும் முடியாது," என்றார். ஆர்டரை எடுத்தார். நாலாகக் கிழித்தார். அடையாள அட்டையைப் பொறியாளர் பக்கம் தள்ளிவிட்டார். "நாளைக்குக் காலையில முதல் வேலை, அந்த நாலாவது பட்டன். இயக்குநர் சார், நீங்க இருங்க. உங்ககிட்ட நான் பேசணும். மெதுவா."

பொறியாளர் பெண் அட்டையை மாட்டிக்கொண்டாள். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகுதான் அழுதாள்.

தலைவி நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், கடைசிப் பக்கங்களில் நின்றார். "கடந்த பத்து வாரமா மூணு அம்பதுக்கு நேரம் மட்டும் எழுதியிருக்கே. பேர் இல்ல. காரணமும் இல்ல. வேற யாருக்கும் அந்த நேரத்தைக் கொடுக்கவும் இல்ல. இது என்ன?"

அவள் அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்த இடத்திலும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருப்பவன் நான். தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உதவிக்கு அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி என் கண்ணாடியை என் சட்டைப் பையில் செருகி, முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

"நீயே போய்ச் சொல்லு தம்பி. இதுக்கெல்லாம் துணைக்கு ஆள் வராது."